புலி, ஆடு, புல்லுக்கட்டு

காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள்.
ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவுமாய்ப்
பள்ளிக்கூட வாசலில் இறங்கிக்கொண்டாள் சுகந்தி.
"அஞ்சு மணிக்கு வாங்க. அதுவரைக்கும்
எங்கேயாவது வெச்சுக்கிட்டிருங்க" என்றாள்,
இரண்டு பைகளை ஒப்படைப்பதுபோல.

தஞ்சாவூர் புறவழிச்சாலையில்
முந்தின வருஷம்வரை குறுவை நட்ட பூமியில்
டைனோசர் ஒன்று வாய் பிளந்து நிற்கிறது.
வாய் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும்.
தொண்ணூறு சென்டிமீட்டருக்குள் இலவசம்.
ஆதிரனைச் சுவரோடு நிறுத்தி அளந்தார்கள்.
தொண்ணூற்றொன்று.
"முடியைச் சேர்க்காதீங்க சார்" என்றேன்.
சேர்த்தார்கள்.

ஆற்றைக் கடக்கும் அந்தக் கணக்கு
நாலாம் வகுப்பில் எனக்குப் பிடிபடவே இல்லை.
புலி, ஆடு, புல்லுக்கட்டு.
எதை விட்டுவிட்டு எதை ஏற்றினாலும்
ஒன்றை ஒன்று தின்றுவிடும்.
இங்கே ஆறு கிடையாது. ஓடம் மட்டும் நான்.
எழினிக்கு ஏழு வயது, சிவப்புச் சறுக்கில் ஏறியே ஆகவேண்டும்.
ஆதிரனுக்கு மூன்று, ஏற்றமாட்டார்கள்.
கீழே விட்டால் அலைக்குளத்துக்கு ஓடுவான்.
தூக்கிக்கொண்டால் பையைப் பிடிக்கக் கையில்லை.
பைக்குள்தான் போன், பணம், மாற்றுத்துணி,
அவள் காலையில் கட்டித் தந்த புளிச்சாதம்.
கடைசியில் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
மாடுபோல நின்று சாதம் ஊட்டினேன்.

மணிக்கொரு தரம் சங்கு ஊதி அலை விடுகிறார்கள்.
மேட்டூர் திறந்து பன்னிரண்டு நாளாகியும்
எங்கள் வாய்க்காலில் இன்னும் பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
"இந்தத் தண்ணி நம்ம ஊருக்கு எப்பப்பா வரும்?"
ஆதிரன் சத்தமாகத்தான் கேட்டான்.
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச்
சிரித்தான் காவலுக்கு நின்ற பையன்.
அவனும் கடைமடைதானாம், தலைஞாயிறு பக்கம்.

"அப்பா, ஒண்ணுக்கு."
இரண்டு கதவு. ஒன்றில் மீசை, ஒன்றில் கொண்டை.
மீசைக்குள் அவளை அழைத்துப்போகும் வயது
எப்போது முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.
கொண்டைக்கு எதிரே நான் நிற்பது
எனக்கே நன்றாயில்லை.
பட்டுக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டத்தில்
ஈரச் சுடிதாரோடு ஒரு பெண்
என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.
எதிர்ச்சுவரில் ஐஸ்கிரீம் விலைப்பட்டியல்.
முழுவதும் படித்தேன். மறுபடி படித்தேன்.
பேர்கூடக் கேட்கவில்லையே அந்தப் பெண்ணிடம்.
பின்பக்கம் வேறு வழி இருக்குமோ?

வந்தாள். தலை புதிதாய்ப் பின்னியிருந்தது.
வகிடு நேராக, இறுக்கமாக, நுனியில் என் ரப்பர் பேண்ட்.
"யாரு பின்னிவிட்டது, கயிறு திரிச்ச மாதிரி?" என்று
அந்த அக்கா உள்ளே சிரித்ததாம்.
நன்றி சொன்னேன். நிஜமாகவே சொன்னேன்.
ஆனாலும் விடியற்காலை ஐந்து மணிக்கு
மூன்று முறை அவிழ்த்துப் பின்னியது அது.

ராட்டினத்தில் தனியாகப் போனாள்.
தோளில் ஆதிரன் தூங்கிவிட்டான், எச்சில் சட்டைக்குள் இறங்க.
அவள் பெட்டி மேலே போய் வெயிலுக்குள் மறையும்,
மூச்சைப் பிடிப்பேன், வரும், விடுவேன்.
எட்டுச் சுற்று.
இறங்கியதும் சொன்னாள்:
"பெரிய கோயில் கோபுரம் தெரிஞ்சுது.
அம்மா ஸ்கூல் தெரியல."

ஐந்தே காலுக்கு வாசலில் நின்றோம்,
ஆதிரனுக்கு ஒரு செருப்பு குறைவு.
கூட்டத்தோடு வந்தாள், விரலெல்லாம் மை.
"எப்படி எழுதின?"
"ரெண்டாவது தாள் இழுத்துட்டுது. நீங்க எப்படி?"
"பரவாயில்ல."
எழினியின் பின்னலைத் தூக்கிப் பார்த்து
அப்படியே நின்றாள் சுகந்தி.
"அட, பின்னக் கத்துக்கிட்டீங்களே!"

எழினி என்னைப் பார்த்தாள்.
நான் வண்டியைக் கிளப்பப்போனேன்.
அவள் வாயே திறக்கவில்லை,
அம்மாபேட்டை தாண்டும் வரை.